பேர் மாறாமல் சாவி மாறக் கூடாது!

விடியலில் மொட்டாக வந்து சேர்ந்த மல்லிகைக்கு ஒரு விலை. வெயில் ஏறி வாய் விரிந்த மல்லிகைக்கு வேறு விலை. புதுக்கோட்டை மாவட்டம், கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் பூ கொண்டு வருகிற எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும். ஆலங்குடி தாலுகாவில் ஒன்றரை ஏக்கர் கொல்லை வைத்திருக்கும் அந்த விவசாயிக்கும் தெரியும். மல்லிகை 40 சென்ட், சம்பங்கி 30 சென்ட், மீதியில் கடலை. வீட்டில் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். பூ பறிப்பது மனைவியின் பொறுப்பு. பறித்த பூவை மொட்டு விரிவதற்குள் மார்க்கெட்டில் சேர்ப்பது அவர் பொறுப்பு.

கொல்லையிலிருந்து தார்ச்சாலைக்கு வர ஒன்றரை கிலோமீட்டர் செம்மண் பாதை. கோடையில் புழுதி. ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் சேறு. நடுவில் ஒரு வாய்க்காலையும் தாண்ட வேண்டும். பத்து வருடமாக ஒரு பழைய எக்ஸ்.எல். வண்டிதான் அந்தப் பாதையில் அவருக்கு மாடாக உழைத்தது. பூ மூட்டை, உர மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான்.

2018 நவம்பர் 16-ம் தேதி விடியற்காலையில் கஜா புயல் அடித்தது. வரப்போரம் நின்ற 22 தென்னையில் 19 சாய்ந்துவிட்டன. மல்லிகைச் செடிகள் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்தவே கையில் காசில்லை. டிசம்பரில் எக்ஸ்.எல். வண்டியை விற்றுவிட முடிவு செய்தார். பக்கத்து ஊர்க்காரர், முகம் தெரிந்தவர்தான் கேட்டார். 9,000 ரூபாய் பேசினார்கள். 20 ரூபாய் பத்திரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஆர்.சி. புக்கும் சாவியும் கை மாறின.

''பேரு மாத்தணுமேப்பா?''

''அதை நான் பாத்துக்கிறேன்ணே. தெரியாதவனா நான்?''

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கிராமத்தில் பாதிப் பழைய வண்டிகள் இப்படித்தான் கை மாறுகின்றன.

மண்ணுக்கும் தாருக்கும் ஒரே வண்டி

பொங்கல் கழிந்து செடிகள் மறுபடி துளிர்த்தபோது வண்டியில்லாமல் முடியாது என்றாகிவிட்டது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா மகன் ஊருக்கு வந்திருந்தான். போனில் ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் விற்கும் ஹாக் 250 என்ற வண்டி. சீனாவில் தயாராவது. 229 சிசி. மண் பாதையிலும் ஓடும், தார்ச்சாலையிலும் ஓடும். அங்கே கிடைக்கும் மற்ற வண்டிகளோடு பார்த்தால் விலை மிகக் குறைவு. பாதி கழற்றிய நிலையில் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே வந்துவிடும். வாங்கியவர்தான் சக்கரமும் ஹேண்டில்பாரும் மாட்ட வேண்டும். மாட்டியவர்கள் அதோடு விடுவதில்லை. கார்ப்பரேட்டர், செயின், பல்சக்கரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கிறார்கள். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு விற்கிறார்கள்.

''மாமா, நம்ம பாதைக்கு இந்த மாதிரி வண்டிதான் சரி'' என்றான் மருமகன்.

அந்த வண்டி நம் ஊரில் விற்பனைக்கு இல்லை. ஆனால், அதே வேலைக்கென்று இந்தியாவிலேயே ஒரு வண்டி வந்தது. ஹீரோ நிறுவனம் 2011-ல் கொண்டு வந்த இம்பல்ஸ். 149 சிசி, முன்னால் 19 அங்குலச் சக்கரம், பின்னால் 17. தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் 245 மில்லிமீட்டர் இடைவெளி. சில ஆண்டுகளில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. 2019-ல் அதே நிறுவனம் எக்ஸ்பல்ஸ் 200 வண்டியைக் கொண்டு வந்தது. புது வண்டி விலை அவருக்கு எட்டாது. தஞ்சாவூர் பக்கம் 2012 மாடல் இம்பல்ஸ் ஒன்று இருப்பதாக மருமகன் கண்டுபிடித்தான். 34,000 ரூபாய். விற்றவர் அரசு ஊழியர். பேர் மாற்றிய பிறகே சாவி தருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். ஒரு வாரம் அலைய வேண்டியிருந்தது. 'இந்த ஆளு ரொம்பத்தான் பண்றாரு' என்று அப்போது அவருக்கு எரிச்சலாக இருந்தது.

பட்டறையில் கற்ற பாடம்

வண்டி வந்ததும் வேலை ஆரம்பமானது. முதலில் கேரியர். வெல்டிங் பட்டறையில் சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியை வெட்டி, நீட்டி, ஒட்டித் தருவதாகச் சொன்னார்கள். இரண்டு மூட்டை ஏற்றலாமாம். பக்கத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த பெரியவர் எழுந்து வந்துவிட்டார்.

''தம்பி, சேஸிஸ்ல சூடு காட்டாதீங்க. ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலதான் பின்னாடி விரிசல் விடும். கழட்டுனா பழைய வண்டியா நிக்கணும். அப்படி ஒரு வேலைன்னா மட்டும் செய்யுங்க.''

சேஸிஸை வெட்டுவதில் சட்டச் சிக்கலும் உண்டு. தயாரிப்பாளர் குறிப்பிட்டு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தில் திருத்தம் வந்தது. அதன்படி, அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கலாம்.

கடைசியில் போல்ட்டில் மாட்டும் கேரியர் செய்யப்பட்டது. 3,200 ரூபாய். நம்பர் பிளேட், பின் விளக்கு, இண்டிகேட்டர் எதையும் மறைக்காத மாதிரி பெரியவரே அளவு கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். மூட்டை பின் சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் போகப் போக முன் சக்கரம் லேசாகும். முன் சக்கரம் லேசானால் ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காது. அதனால் கனமான சுமையை சீட்டை ஒட்டி, தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாகப் பிரித்து வைக்க வேண்டும். மொத்தச் சுமை, வண்டியோடு வரும் கையேட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது.

அடுத்து பல்சக்கரம். சேற்றில் இழுவை போதவில்லை என்று முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தார். கணக்கு எளிதுதான். உதாரணமாக, முன்னால் 15 பல், பின்னால் 45 பல் என்றால், முன் சக்கரம் 3 சுற்று சுற்றினால் பின் சக்கரம் 1 சுற்று சுற்றும். முன்னால் 14 ஆக்கினால் அது 3.21 சுற்றாகும். இழுவை சுமார் 7 சதவிகிதம் கூடும். அதே வேகத்தில் தார்ச்சாலையில் போகும்போது என்ஜின் 7 சதவிகிதம் கூடுதலாகச் சுற்றும். சத்தம் கூடும். பெட்ரோலும் கொஞ்சம் கூடும். செயின் செட்டோடு 2,100 ரூபாய் ஆனது. சேற்றுக்குப் பட்டன் டயர் ஒரு ஜோடி, 4,300 ரூபாய். மண்ணில் நன்றாகப் பிடித்தது. ஆனால், மழை நாளில் தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் பழைய டயரைவிடத் தள்ளிப்போய்தான் நின்றது. தேய்மானமும் சீக்கிரம் தெரிந்தது.

கார்ப்பரேட்டர் விஷயத்தில்தான் ஏமாந்தார். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றது. மருமகன் சொல்கேட்டு 1,400 ரூபாய்க்கு ஒரு சைனா கார்ப்பரேட்டர் வாங்கி மாட்டினார். முதல் வாரம் குதிரையாக ஓடியது. பிறகு மேட்டில் இழுக்கவில்லை, என்ஜின் கொதித்தது. பெரியவர் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். முனை சாம்பலாக வெளுத்திருந்தது. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பதற்கு அது அடையாளம். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம். லேசான காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால்தான் கலவை சரி. சாக்கில் கட்டி வைத்திருந்த பழைய கார்ப்பரேட்டரைக் கழுவி, நீடில் செட்டை மாற்றி மாட்டியதும் வண்டி சரியானது. அதற்கான செலவு 350 ரூபாய்தான். அழுக்குதான் நோய். அதற்கு அவர் ஆளையே மாற்றிவிட்டார்.

கழற்றிய சாமான் எதையும் அவர் எடைக்குப் போடவில்லை. பழைய பல்சக்கரம், பழைய டயர் எல்லாம் கடலைச் சாக்கில் கட்டி அட்டாலியில் ஏறின. சைலன்சரை மாற்றச் சொல்லி மருமகன் எவ்வளவோ சொன்னான். அதற்கு மட்டும் அவர் அசையவில்லை. ''மாடு கெடக்குற வீட்டுல சத்தம் வேணாம்பா'' என்றுவிட்டார்.

நாலு வருடம் கழித்து வந்த தபால்

2022-ல் ஒருநாள் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வந்த நோட்டீஸ். கொடுக்கப்பட்டிருந்த வண்டி எண்ணை இரண்டு தடவை படித்தார். அது அவருடைய பழைய எக்ஸ்.எல்.

2018-ல் வாங்கியவர் ஆறு மாதம் ஓட்டிவிட்டு இன்னொருவருக்கு விற்றிருக்கிறார். அவர் மூன்றாவது ஆளுக்கு. யாரும் பேர் மாற்றவில்லை. யாரும் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கவில்லை. 2021-ல் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ரோட்டோரம் நடந்து வந்த ஒரு கூலித் தொழிலாளி மீது அந்த வண்டி மோதியிருக்கிறது. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, எட்டு மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. வழக்கில் ஓட்டியவர் முதல் எதிர்மனுதாரர். பதிவுபெற்ற உரிமையாளர் என்ற முறையில் இவர் இரண்டாவது எதிர்மனுதாரர்.

20 ரூபாய் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினார். வக்கீல் அதைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

''ஐயா, இது உங்களுக்கும் வாங்குனவருக்கும் நடுவுல செல்லும். அடிபட்டவருக்கு முன்னாடி செல்லாது. புஸ்தகத்துல யார் பேரு இருக்கோ அவர்தான் ஓனர்.''

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அவர் விளக்கினார். வட மாநிலத்தில் ஒரு கார் பேர் மாறாமலேயே பல கைகள் மாறியிருந்தது. 2009-ல் அந்த கார் விபத்தில் சிக்கியது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் உரிமையாளர். பதிவேட்டில் யார் பேர் இருக்கிறதோ, சட்டப்படி அவரே உரிமையாளர் என்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முடிவு செய்தது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே அதிலுள்ள நியாயம்.

இன்ஷூரன்ஸ் உயிரோடு இருந்திருந்தால் கம்பெனி பணத்தைக் கட்டியிருக்கும். அதுவும் இல்லை. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. மனைவிக்கும் கோபம்தான். ஆனால், அவர் கேட்டது ஒன்றுதான்.

''அந்த மனுஷன் இப்ப நடக்குறாரா?''

நடக்கிறார், தாங்கித் தாங்கி நடக்கிறார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு 'நான் ஓட்டவில்லை' என்று வாதாட அவருக்கு மனம் வரவில்லை. வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்குப் போய் சமரசத்தில் முடிந்தது. ஓட்டியவர் ஒரு பங்கு, இவர் ஒரு பங்கு. இவர் பங்கு 70,000 ரூபாய். கட்ட மூன்று மாத அவகாசம் கிடைத்தது.

இரண்டு விலை

கடலை விற்ற காசு கொஞ்சம் இருந்தது. மனைவியின் செயின் கூட்டுறவு சங்கத்துக்குப் போனது. அப்படியும் போதவில்லை. இம்பல்ஸை விற்க வேண்டியதாயிற்று.

முதலில் வந்தவர் புரோக்கர். கேரியர், பட்டன் டயர் எல்லாம் பார்த்தார். ''33,000 தர்றேன், இப்பவே கையில காசு. பேரு, பார்ட்டி கெடைச்சதும் நேரா அவுங்க பேருக்கு மாத்திக்கலாம்'' என்றார்.

இரண்டாவதாக வந்தவன் வடகாட்டுப் பக்கத்துப் பையன். அவனும் பூ விவசாயம்தான். அவனிடம் 29,000தான் இருந்தது. ''பேரை நானே வந்து மாத்திக்கிறேன் மாமா, ஒரு நா லீவு போட்டா போதும்'' என்றான்.

நடுவில் நின்றது 4,000 ரூபாய். 70,000 கட்ட வேண்டியவருக்கு அது சின்னக் காசில்லை. மூன்று மூட்டை உரத்துக்கு மேல் வாங்கலாம். ஒரு ராத்திரி யோசித்தார். மறுநாள் அந்தப் பையனுக்குப் போன் செய்தார்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் அட்டாலியிலிருந்து சாக்கை இறக்கினார். பல்சக்கரமும் டயரும் பழையபடி மாறின. கேரியரைக் கழற்றிவிட்டு வண்டியைக் காட்டினார். எந்த இடத்தில் விழுந்தது, எந்த மழையில் வாய்க்காலில் நின்றது, முன் ஃபோர்க்கில் ஆயில் கசிந்து எப்போது சீல் மாற்றியது எல்லாவற்றையும் சொன்னார். பையன் பட்டன் டயரும் கேரியரும் வேண்டும் என்றான். சாக்கோடு கொடுத்துவிட்டார். ''மழைக்காலத்துக்கு மட்டும் மாட்டு. சுமையை அச்சுக்குப் பின்னாடி வைக்காத'' என்று பெரியவர் சொன்னதை அப்படியே அவனுக்குச் சொன்னார்.

இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை. சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 வருடம்தான். 2012 வண்டிக்கு 2027-ல் முடிகிறது. அதன் பிறகு தகுதி பார்த்து 5 வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள் என்றார். அதைக் கேட்டுப் பையன் விலையைக் குறைக்கவில்லை.

இருவரும் சேர்ந்தே போய் வேலையை முடித்தார்கள். விற்றதைத் தெரிவிக்கப் படிவம் 29, பேர் மாற்றப் படிவம் 30. விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர், தான் குடியிருக்கும் எல்லைக்கான ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில் பேர் மாற்ற, வாங்குபவர் 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுத வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வாங்குபவரும் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் பூக்கணக்கு எழுதும் நோட்டில் மனைவி இம்பல்ஸுக்கும் ஒரு பக்கம் போட்டிருந்தார். வாங்கியது 34,000. மாற்றியது 11,000. விற்றது 29,000. நாலு வருடத்தில் 16,000 குறைவு. வருடத்துக்கு 4,000 ரூபாய். கூட்டிப் பார்த்தால் மாற்றத்துக்குச் செலவழித்த 11,000-ல் ஒரு ரூபாய்கூட விலையாகத் திரும்பி வரவில்லை. மழைக்காலத்தில் மொட்டு விரியாமல் மார்க்கெட் போய்ச் சேர்ந்த பூதான் அந்தக் காசைத் திருப்பித் தந்தது. அடுத்த பக்கத்தில் எக்ஸ்.எல். கணக்கு ஒற்றை வரியில் இருந்தது. விற்றது 9,000. கட்டியது 70,000.

அடுத்த சித்திரை, வைகாசியில் மல்லிகை நன்றாகப் பூத்தது. செயின் வீட்டுக்குத் திரும்பி வந்தது. இப்போது அவர் வைத்திருப்பதும் ஒரு எக்ஸ்.எல்.தான். செம்மண் பாதையில் சேறு கண்டால் அந்த வடகாட்டுப் பையன் இம்பல்ஸில் வந்து இவருடைய பூ மூட்டையையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகிறான்.

பையன் பேருக்கு ஆர்.சி. மாறி வந்த அன்றே அதற்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கினார். தீர்ப்பாயத்திலிருந்து வந்த நோட்டீஸும் அந்த ஜெராக்ஸும் இன்றைக்கும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரே கவரில் இருக்கின்றன. ஊரில் யாராவது பழைய வண்டி விற்கப் போகிறேன் என்றால், அந்தக் கவரை எடுத்து வந்து காட்டுகிறார்.